எடை ஏறாத பிள்ளை: அங்கன்வாடி டீச்சர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும்,

நான் ஓர் உணவியலாளர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் மையங்களில், பிள்ளைகளுக்கு மருந்து வாங்க வரும் அம்மாக்களோடும் பாட்டிமார்களோடும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுதான் என் வேலை. எங்களிடம் ஒரு பிள்ளை மாதத்துக்கு ஒருமுறை வரும். வந்ததும் எடை பார்ப்போம், இன்னதைக் கொடுங்கள் என்று எழுதித் தருவோம், அவர்களும் தலையாட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். எழுதிக் கொடுத்ததை அந்தப் பிள்ளை சாப்பிட்டதா, தட்டில் பாதியை மிச்சம் வைத்ததா, வாய் எரிகிறதென்று அழுததா என்பதெல்லாம் தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை உங்களுக்கே எழுதுகிறேன்.

எச்.ஐ.வி.யோடு வாழும் மெலிந்த குழந்தைக்கு உணவும் மருந்தும் சேர்ந்ததுதான் சிகிச்சை. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் கொடுத்தால் பிள்ளை தேறாது. அந்தச் சிகிச்சையில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பாதியைச் செய்து முடிக்க, பிள்ளைக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எடை மெஷினும், கைச்சுற்றளவு நாடாவும், சோறு போடும் ஆயாம்மாவின் கண்ணும் போதும். இதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

மாதாமாதம் எடை போடுவது நம் மாநிலத்துக்குப் பழகிய வேலை. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமே இந்த எண்ணத்தில்தான் நின்றது: எல்லாப் பிள்ளைகளையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும், யாருக்கு ஏறவில்லையோ அவர்களுக்குக் கூடுதல் உணவு தர வேண்டும். இன்று உங்கள் கைபேசிச் செயலியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வருகிற நிறங்களுக்குப் பின்னால் இருப்பதும் அதுதான். ஆனால் செயலி சொல்லாத ஒரு செய்தி உண்டு. சத்துமாவு வாங்கிப் போகிறார்கள், முட்டையும் சாப்பிடுகிறது, வீட்டில் ஆகாரத்துக்குப் பெரிய குறையும் இல்லை. ஆனாலும் இரண்டு மாதம், மூன்று மாதமாக எடை அதே இடத்தில் நிற்கிறது. அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால், ஊட்டிய உணவை உள்ளே ஏதோ ஒன்று தடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் எச்.ஐ.வி.யாக இருக்காது. இந்தியாவில் பெரியவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் இருவருக்குத்தான் எச்.ஐ.வி. இருக்கிறது, குழந்தைகளில் அதைவிடக் குறைவு. காசநோயாக இருக்கலாம், பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கலாம், குறைப்பிரசவத்தில் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். ஆகவே மெலிந்த பிள்ளையைப் பார்த்ததும் அந்த நோயாக இருக்குமோ என்று முணுமுணுப்பது பெரும் அநியாயம். அதே சமயம், கேட்காமலே விட்டுவிடுவதால் போகிற உயிர்களும் உண்டு. பிறக்கும்போதோ தாய்ப்பால் வழியாகவோ எச்.ஐ.வி. தொற்றி, சிகிச்சை எதுவும் கிடைக்காத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதற்குள் எத்தனை வீடுகளில் சவலை பாய்ந்திருக்கிறது என்றும், கண்ணு பட்டுவிட்டது என்றும், தொக்கம் எடுக்க வேண்டும் என்றும் வாரங்கள் ஓடிவிடுகின்றன! அந்த நம்பிக்கைகளைக் கேலி செய்ய நான் வரவில்லை. தொக்கம் எடுக்கப் போகிறவர்களிடம், “எடுத்துட்டு வாங்கம்மா, ஆனா இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க” என்று சொன்னால் கேட்கிறார்கள். தடுத்தால் இரண்டு இடத்துக்கும் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

கர்ப்ப காலத்தில் எல்லாத் தாய்மாருக்கும் பரிசோதனை செய்துவிடுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறார்கள். ஆனால் மூன்றாம் மாதத்தில் தொற்று இல்லை என்று வந்த தாய்க்கு அதற்குப் பிறகும், பால் கொடுக்கும் காலத்திலும்கூடத் தொற்று வரலாம். அப்படிப்பட்ட தாயின் பிள்ளையை யாரும் சந்தேகிப்பதில்லை. அதனால் உணவு கொடுத்தும் எடை ஏறாத எந்தப் பிள்ளையையும், தாயின் பழைய சீட்டு என்ன சொன்னாலும், மருத்துவரிடம் அனுப்புங்கள். நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள்கள் தங்கியிருக்கும் என்பதால், வழக்கமான பரிசோதனை ஏமாற்றிவிடும். அந்த வயதுக் குழந்தைகளுக்கு வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனையை ஆறாவது வாரத்திலேயே செய்கிறார்கள். இந்த விவரங்கள் மருத்துவர்களுக்குத் தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது அனுப்பிவைப்பது ஒன்றுதான்.

இனி, இந்த நோய் ஒரு பிள்ளையை ஏன் இவ்வளவு மெலிய வைக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் “நல்லாத்தான் சாப்பிடுது, பொய் சொல்றாங்க, வீட்ல போடறதில்ல” என்று அம்மாக்களைக் குறை சொல்லும் பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எச்.ஐ.வி. முதலில் பெருஞ்சேதம் செய்யும் இடங்களில் ஒன்று குடல். உடலின் எதிர்ப்பு அணுக்களில் மிகப் பெரும் பங்கு குடலின் உட்சுவரில்தான் இருக்கிறது. வைரஸ் அவற்றைத் தேடி அழிக்கிறது. சுவர் பழுதானால் கொழுப்பும் மாவுச்சத்தும் சரியாக உறிஞ்சப்படாமல் வெளியே போகும். அதன் மேல் அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு. வாயில் நாக்கிலும் உள்கன்னத்திலும் வெள்ளைப் படிவு வந்துவிட்டால் விழுங்கும் ஒவ்வொரு வாயும் வலிக்கும். பசி இருந்தும் தட்டைத் தள்ளும் பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள்; பாதி நேரம் காரணம் அங்கேயே தெரியும், அதற்கு மருந்தும் உண்டு. இவ்வளவுக்கும் மேல், கிருமியோடு ஓயாமல் போராடும் உடல் சும்மா படுத்திருந்தாலும் அதிகமாக எரிக்கிறது. உள்ளே போவது குறைவு, நிற்பது அதிலும் குறைவு, செலவோ அதிகம். அந்த அம்மா பொய் சொல்லவில்லை.

எவ்வளவு அதிகம் கொடுக்க வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்று உண்டு. எச்.ஐ.வி. இருந்தும் நோய் அறிகுறி இல்லாமல் நன்றாக வளரும் பிள்ளைக்கு, அதன் வயதுக்கு உரியதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் சக்தி தேவை. காசநோயோ தீராத வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் 20 முதல் 30 சதவீதம் கூடுதல். எடை இழந்து மெலிந்த பிள்ளை தேறி வர 50 முதல் 100 சதவீதம் வரை கூடுதல். ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரி தேவைப்படும் இரண்டு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். முதல் நிலையில் வேண்டிய 100 கலோரி ஒரு முட்டையிலும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயிலும் வந்துவிடும். மூன்றாவது நிலையில் வேண்டியது 500 முதல் 1000 கலோரி. அதைச் சோற்றிலேயே கொடுப்பதென்றால் குறைந்தது 400 கிராம் சோறு கூடுதலாகப் போக வேண்டும். அந்தச் சின்ன வயிற்றில் அதற்கு ஏது இடம்!

ஆகவே அளவைக் கூட்டுவதைவிட ஒவ்வொரு வாயின் கனத்தைக் கூட்டுவதுதான் வழி. சத்துமாவை நீர்க்கக் கரைத்துக் காய்ச்சிக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. கெட்டியாகக் கிளறி, வெல்லமும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, வறுத்துப் பொடித்த நிலக்கடலையைச் சேர்த்து, மூன்று வேளை என்பதை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கெட்டியாக இருந்தால் விழுங்க முடியவில்லையா? முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவைக் கொஞ்சம் சேர்த்தால், முளையில் இருக்கும் நொதி கூழை இளக்கிவிடும். தண்ணீர் ஊற்றாமலே கூழ் இளகுவதால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு உள்ளே போகும். நம் வீடுகளில் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவந்த இந்த முளைமாவுக்கு ஈடாக விலை உயர்ந்த டப்பா மாவு எதையும் நான் சிபாரிசு செய்ததில்லை. வாய் புண்ணாக இருந்தால் காரமும் புளிப்பும் வேண்டாம். மசித்த வாழைப்பழம், குழைந்த பருப்புச் சோறு, ஆறிய கஞ்சி போதும். முட்டையை முழுக்க வேகவைத்தே கொடுங்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே கொடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு அரைவேக்காட்டு முட்டை ஒன்றே ஒரு வாரப் பேதிக்குப் போதும்.

ஆனால் கடும் மெலிவு என்பது வேறு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் கைச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ, நான் மேலே சொன்ன வீட்டுப் பக்குவங்களோடு காத்திருக்க வேண்டாம். வீங்கிய பிள்ளையைப் பார்த்துக் கொழுகொழு என்று இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பசியே இல்லையென்றாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், சோர்வு இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அங்கே முதல் சில நாட்கள் 100 மில்லி லிட்டருக்கு 75 கலோரி உள்ள இளம்பால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் விடாமல் கொடுப்பார்கள். “என் பேத்தி பட்டினியா கெடக்கு, இவங்க ஒரு சங்கு பால் ஊத்தறாங்க” என்று பாட்டிகள் கொதிப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். நீண்ட நாள் வாடிய உடலில் திடீரென்று நிறைய உணவு போனால் இரத்தத்தின் உப்புக்கள் நிலைகுலைந்து இதயமே நின்றுபோகலாம். உடல் தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் 100 கலோரிக் கலவைக்கோ கடலை விழுதுக்கோ மாற்றுவார்கள்.

அந்தக் கடலை விழுதைப் பற்றியும் சொல்கிறேன். 1996-இல் பிரான்சைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் மிஷேல் லெஸ்கானும் சேர்ந்து நிலக்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள் கலந்து உருவாக்கியது அது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி இருக்கும். தண்ணீர் சேராததால் அதில் கிருமி பெருகாது, சமைக்கவும் வேண்டாம். ஆப்பிரிக்காவின் மலாவியில் 2001-இல் மருத்துவர் மார்க் மானரி, நெரிசலான வார்டில் கிடந்த பிள்ளைகளை இந்த விழுதோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த நாட்டில் கடும் மெலிவோடு வந்த பிள்ளைகளில் பலருக்கு எச்.ஐ.வி. இருந்தது. கூட்டு மருந்து எளிதில் கிடைக்காத அந்தக் காலத்திலும் அவர்களில் பலர் எடை தேறினார்கள், ஆனால் எச்.ஐ.வி. இல்லாத பிள்ளைகளைவிட மெதுவாக, குறைந்த எண்ணிக்கையில். உணவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பது இரண்டும் அங்கே தெரிந்தன. நம் மாநிலத்திலும் 2022-இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் கடும் மெலிவுள்ள பிள்ளைகளுக்கு இத்தகைய சிறப்பு உணவு தரப்பட்டது உங்களுக்குத் தெரியும். அந்தப் பொட்டலத்தை அண்ணனும் தம்பியும் பங்கு போட்டுக்கொண்டால் யாருக்குமே பயன் இராது. அது அந்த ஒரு பிள்ளைக்கான மருந்து என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம்தான், ஆனால் பாலும் தாது உப்புகளும் இல்லாத அது இந்த விழுதுக்கு ஈடாகாது.

எச்.ஐ.வி. உள்ள மெலிந்த பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கும் உணவுச் சிகிச்சையும், எச்.ஐ.வி. இல்லாத மெலிந்த பிள்ளைக்குக் கொடுப்பதும் ஒன்றேதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வித்தியாசம் மருந்தில்தான். ஆபத்தான கட்டம் தாண்டியதும் தாமதிக்காமல் கூட்டு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்; முதல் ஆறு முதல் எட்டு வாரங்கள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒளிந்திருந்த காசநோய் அந்த வாரங்களில்தான் வெளியே வரும். தேறிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சலோ அக்குளில் கட்டியோ வந்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, கூட்டு மருந்து மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் கழித்து, 2004 ஏப்ரலில்தான் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. குழந்தைகளுக்கான மருந்து 2006 இறுதியில் வந்தது. அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முட்டையையும் சத்துமாவையும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. மருந்து வந்த பிறகும் முதலில் கசப்பும் எரிச்சலும் நிறைந்த திரவத்தை மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டியிருந்தது. இப்போது கொடுக்கும் டோலுடெக்ராவிர் என்ற மாத்திரை தண்ணீரில் கரையும், பழச்சுவை உள்ளது, பிள்ளைகள் துப்புவதில்லை.

அந்த மாத்திரையின் அளவை எடைதான் முடிவு செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, 3 கிலோ முதல் 6 கிலோவுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அரை மாத்திரை. 6 கிலோவைத் தொட்டதும் ஒன்றரை. 10 கிலோவில் இரண்டு. 5 கிலோ 900 கிராமில் இருந்த குழந்தை 6 கிலோ ஆகும்போது மருந்து மூன்று மடங்காகிறது. மையத்துக்கு அடுத்து வர இன்னும் சில வாரம் இருக்கும் நேரத்தில் உங்கள் மெஷின்தான் அந்த எடையைப் பிடிக்கிறது. எடை ஏறியதோ இறங்கியதோ, அட்டையில் எழுதி எல்லா அம்மாக்களிடமும் கொடுங்கள், டாக்டரிடம் போகும்போது இதைக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். வெறும் எடை அட்டை யாருடைய இரகசியத்தையும் வெளியிடாது.

இரும்புச்சத்து சிரப் கொடுக்கும்போதும் இப்படி எல்லோரிடமும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் டோலுடெக்ராவிர் மாத்திரையோடு வெறும் வயிற்றில் சேர்ந்துபோனால் மாத்திரை உடலில் சரியாக ஏறாது. எந்தப் பிள்ளை என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம். சிரப் கொடுக்கும்போது எல்லா அம்மாக்களிடமும் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: “பிள்ளைக்குத் தினமும் ஏதாவது மருந்து குடுக்கிறீங்கன்னா, சிரப்பை எப்பக் குடுக்கணும்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.” கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.

பால் கொடுக்கும் தாய்மாரிடமும் உங்கள் பேச்சு எடுபடும். எச்.ஐ.வி. உள்ள தாய் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். தாய்ப்பாலோடு பசும்பால், சர்க்கரைத் தண்ணீர் என்று கலந்து கொடுப்பதுதான் அந்த வயதில் ஆபத்து. போட்ஸ்வானாவில் பல தாய்மார் தாய்ப்பாலை விட்டுப் பால்மாவுக்கு மாறியிருந்தார்கள். 2006-இல் வெள்ளம் வந்து தண்ணீர் கெட்டபோது பேதியில் இறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தாய்ப்பால் கிடைக்காதவர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று நீங்கள் ஊர் முழுக்கச் சொல்கிறீர்களே, அந்தத் தாய்க்கும் அதே வார்த்தைதான்.

இப்போது தட்டைப் பற்றி. எச்.ஐ.வி. எச்சிலில் பரவாது, ஒரே தம்ளரில் குடித்தால் பரவாது, ஒன்றாகப் படுத்துத் தூங்கினால் பரவாது. தனித் தட்டு, தனிப் பாய், ஓரமாக உட்கார வைப்பது எல்லாம் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. ஒரு பிள்ளை விழுந்து இரத்தம் வந்தால் கையுறை போட்டுத் துடையுங்கள். எந்தப் பிள்ளை விழுந்தாலும் அப்படியே. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, அதைக் காட்டிப் படிப்பையோ மருத்துவத்தையோ மறுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நீங்கள் வாயை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊரில் பேச்சு கிளம்பினால் முதலில் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும்: பாட்டி பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புவதை நிறுத்திவிடுவார். சத்துமாவு நிற்கும், முட்டை நிற்கும், எடை போடுவதும் நிற்கும். உங்களை நம்பி ஒரு தாய் தானாகவே சொன்னால், அது உங்கள் இருவரோடும் இருக்கட்டும். ஆயாம்மா அறிய வேண்டுமா என்பதையும் அந்தத் தாயே முடிவு செய்யட்டும்.

மாதத்தில் ஒரு நாள் காரணம் சொல்லாமல் வராமல் போகும் பிள்ளைகள் உண்டு. மருந்து வாங்க விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, வரிசையில் நின்று, மத்தியானம் ஒரு டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டுத் திரும்புவார்கள். ஏன் வரவில்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். மறுநாள் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்க முடிந்தால் வையுங்கள். கூட்டு மருந்து வேலை செய்யத் தொடங்கிய சில வாரங்களில் பசி பொங்கி வரும். “இது என்ன இப்படித் திங்குது” என்று வீட்டில் யாராவது திட்டினால், அந்தப் பசி நல்ல சேதி என்று சொல்லுங்கள். அந்த மாதங்களில் கிடைக்கும் ஒவ்வொரு முட்டையும் எடையாக மாறும்.

ஐந்து வயதானதும் உங்களை விட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் வயதுக்குக் குட்டையாக இருப்பார்கள். இழந்த உயரம் எடையைப் போல் சீக்கிரம் திரும்பாது. சத்துணவு அமைப்பாளரிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், “இவன் கொஞ்சம் மெதுவாச் சாப்பிடுவான், அவசரப்படுத்தாதீங்க” என்பது போதும். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் உணவுக்கும் படிப்புக்கும் உதவ மாநில அரசின் அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. கேட்கத் தெரியாமல் விட்டுவிட்ட குடும்பங்கள் பல. தங்கள் நிலையை உங்களிடம் சொன்னவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மற்ற எல்லோருக்கும் தெரியும்படி 1097 என்ற இலவச உதவி எண்ணை, மற்ற தொலைபேசி எண்களோடு சேர்த்து, சுவரில் எழுதி வையுங்கள்.

உங்களிடம் எனக்கும் ஒரு தேவை இருக்கிறது. நாங்கள் எழுதித் தரும் உணவுப் பட்டியலில் பாதி, உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்காததாகவோ கட்டுப்படியாகாத விலையிலோ இருக்கும். உங்கள் பக்கத்தில் எந்த மாதத்தில் எது மலிவு, கருவாட்டுப் பொடியைப் பிள்ளைகள் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்களா, முருங்கைக்கீரையை எப்படிக் கொடுத்தால் துப்பாமல் இருக்கிறார்கள், சத்துமாவை எந்த உருவில் கேட்டு வாங்கித் தின்கிறார்கள் என்று உங்கள் அருகிலுள்ள கூட்டு மருந்து மையத்து உணவியலாளருக்கோ ஆலோசகருக்கோ எழுதுங்கள். பெயர் எதுவும் வேண்டாம், சமையல் குறிப்பு மட்டும் போதும். அடுத்த பட்டியலை அதை வைத்து எழுதுகிறோம்.

அன்புடன்,
உங்கள் உணவியலாளர்